அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்ஃபோனுக்கான ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி, தங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வந்த அன்று அது என் கண்ணில் படவில்லை. போன புதன்கிழமை மாலை பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் மேல்மூடி இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபயர். கட்டுரையில் ஒரு வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். இந்தக் கருவியில் வோல்ட்டேஜ் அதிகம், ஆனால் மின்னோட்டம் மிகமிகக் குறைவு, ஆகவே கை பட்டாலும் ஆபத்தில்லை என்பது அந்த வரியின் சாரம். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 1976இல், 17 வயதில், காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த வால்வு ரேடியோக்கள் அப்போது செட்டிநாட்டு வீடுகளில் பட்டாசாலைக்கு ஒன்று இருந்தன. பிறகு டிவி வந்தது. இலங்கை ரூபவாஹினி பார்ப்பதற்காக வீட்டுக்கு வீடு ஆண்டெனாக் கம்பம் ஏறிய காலத்தில், பிக்சர் டியூபின் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வோல்ட்டோடு தினமும் பழகினேன். ஆகவே உயர் வோல்ட்டேஜ் என்றாலே பயந்து அலறுகிறவனின் கடிதம் என்று இதை எண்ண வேண்டாம். இந்த ஹெட்ஃபோன்கள் மீது எனக்கு இருக்கும் ஆசையும் சாதாரணமானதல்ல. மூன்று ஆம்ப்ளிஃபயர்களை நானே கட்டியிருக்கிறேன். பழுதாகி வந்தவற்றில் எத்தனையையோ எழுப்பி அனுப்பியிருக்கிறேன்.

கட்டுரையாளர் பல விஷயங்களை நன்றாகவே சொல்லியிருக்கிறார். சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச் சுருளும் வேலை செய்கின்றன. இதில் அவை இரண்டும் இல்லை. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறது. தாளில் நிலையான மின்னேற்றம். இரு தகடுகளுக்கும் இசையின் வோல்ட்டேஜ் எதிரெதிராகப் போகிறது. ஒரு தகடு தாளை இழுக்கும்போது மற்றது தள்ளுகிறது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் இந்த வகை ஹெட்ஃபோனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் பழைய வகைகளில் தாளுக்குக் கொடுப்பது 230 வோல்ட், பின்னால் வந்தவற்றில் 580 வோல்ட். இதுவரை கட்டுரையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தவறு அடுத்த பத்தியில் தொடங்குகிறது. இந்தக் கருவியில் உயர் வோல்ட்டேஜ் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, தாளுக்குப் போகும் அந்த 580 வோல்ட். அதற்குப் பயஸ் என்று பெயர். அது ஒரு பெரிய ரெசிஸ்டர், அதாவது மின்தடை, வழியாகத்தான் வெளியே வருகிறது. பெரும்பாலும் 4.7 மெகா ஓம் போடுவார்கள். 580 வோல்ட்டை 4.7 மெகா ஓமால் வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லி ஆம்பியரில் எட்டில் ஒரு பங்குதான் வரும். கட்டுரையாளர் சொன்ன குறைந்த மின்னோட்டம் இதுதான். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயரின் சொந்த சப்ளை. நான் கட்டிய ஒன்றில் அது கூட்டல் 400, கழித்தல் 400. இரண்டு முனைக்கும் இடையில் 800 வோல்ட். அங்கே மெகா ஓம் கிடையாது. அடியில் டிரான்ஸ்பார்மரும், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் 470 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர்களும் இருக்கின்றன. 400 வோல்ட் ஏறிய அப்படி ஒரு கண்டென்சரில் கிட்டத்தட்ட 38 ஜூல் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கும். அதன் ஒரு முனை வலது கையிலும் மறு முனை இடது கையிலும் பட்டால் அது நெஞ்சு வழியாகத்தான் போகும். பயஸுக்குப் பொருந்துகிற சமாதானத்தைக் கட்டுரை முழுக் கருவிக்கும் சொல்லிவிட்டது.

வந்த மாணவரின் கதையைக் கேளுங்கள். அவர் மல்டிமீட்டரை வைத்து ஹெட்ஃபோன் சாக்கெட்டில் பயஸை அளந்திருக்கிறார். 580 வர வேண்டிய இடத்தில் 395 காட்டியிருக்கிறது. மூன்று நாள் தூக்கமில்லை. டயோடுகளை மாற்றினார், கண்டென்சர்களை மாற்றினார், அப்போதும் 395தான். கடைசியில் அந்த 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர்தான் வோல்ட்டேஜைத் தின்கிறது என்று முடிவுகட்டினார். அதைக் கழற்றிவிட்டுக் கம்பியால் நேரே இணைத்துவிடலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். "மின்னோட்டம்தான் குறைவு ஆயிற்றே ஐயா, பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள்" என்று அந்தத் துண்டை விரித்துக் காட்டினார்.

நான் அவரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நம் கையில் இருக்கும் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அதை 4.7 மெகா ஓமோடு தொடர்ச்சியாக வைத்தால் மொத்தம் 14.7. 580ஐ அந்த விகிதத்தில் பிரித்தால் மீட்டருக்குக் கிடைக்கும் பங்கு 395. மீட்டர் பொய் சொல்லவில்லை, பயஸிலும் பழுதில்லை. அளக்கிற கருவியே அதைக் கீழே இழுத்துவிட்டது. ரெசிஸ்டருக்கு முன்னால் வைத்து அளந்தால் 580 வந்துவிடும். அந்த இடத்தில் தடுப்பு ஏதும் இல்லை என்பதால் ஒற்றைக் கையால், காப்பிட்ட முனையால் அளக்க வேண்டும். 1 கிகா ஓம் உள்ள உயர் வோல்ட்டேஜ் ப்ரோப் இருந்தால் சாக்கெட்டிலேயே 577 காட்டும். அவர் என் முன்னாலேயே அளந்து பார்த்தார். முகத்தில் வந்த வெளிச்சத்தை இங்கே எழுத முடியவில்லை.

ஆனால் எனக்கு உள்ளூர நடுக்கம். மின்னோட்டம் குறைவாக இருப்பதே அந்த ரெசிஸ்டரால்தான். மின்னோட்டம் குறைவு என்ற வரியை நம்பி அந்த ரெசிஸ்டரையே பிடுங்கப் பார்த்திருக்கிறார் அந்தத் தம்பி. காதில் மாட்டுகிற பொருளில் இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

2013இல், ஐப்பசி மழைக்காலத்தில், எனக்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயரில் பிளஸ் பக்கம் ஒரு சீறல் சத்தம். ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், நியான் விளக்கும் அணைந்துவிட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தேன். கண்டென்சரின் மின்னேற்றத்தைத் தானாக வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தேன். அது வடித்திருக்கும் என்று நம்பிக் கையை விட்டேன். அந்த ரெசிஸ்டரில் மயிரிழை விரிசல் விட்டு இணைப்பே அறுந்திருந்தது எனக்குத் தெரியாது. இடது உள்ளங்கை பெட்டியின் விளிம்பில், வலது கட்டைவிரல் கண்டென்சரின் திருகில். முதுகு பின்னால் இருந்த மர அலமாரியில் மோதியது மட்டும் நினைவிருக்கிறது. சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தார். இரண்டு நாள் இடது கையால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அன்று முதல் என் பழக்கம் மாறிவிட்டது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் தடித்த காப்புக் கம்பியும் முதலைக் கிளிப்பும் வைத்துப் பற்றவைத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் ஒவ்வொரு கண்டென்சருக்கும் குறுக்கே அதை அரை நிமிடம் மாட்டுவேன். பிறகு மீட்டரை வைத்து அளப்பேன். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுகிற வித்தையை நம் ஊர்க் கடைகளில் இன்னும் செய்கிறார்கள். அது கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

வீட்டில் டிரிப்பர் இருக்கிறது, அது காப்பாற்றிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற டிரிப்பரைச் சொல்கிறார்கள். அது உயிர் காக்கும் பொருள்தான். செட்டிநாட்டின் ஒவ்வொரு பழைய வீட்டிலும் வேண்டும் என்று நான் பலரிடம் மன்றாடியிருக்கிறேன். ஆனால் இங்கே அது உதவாது. டிரிப்பர் பார்ப்பது சுவர் இணைப்பின் இரு கம்பிகளிலும் போவதும் வருவதும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே. ஆம்ப்ளிஃபயருக்குள் 400 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் உடம்பு வழியாக ஓடுகிற மின்னோட்டம் அந்தப் பக்கத்திலேயே சுற்றி முடிந்துவிடும். சுவர்ப் பக்கம் கணக்குச் சரியாகவே இருக்கும். டிரிப்பர் விழாது. ஃபியூஸும் போகாது.

எர்த் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. சென்ற ஆண்டு தேவகோட்டையிலிருந்து ஒரு பெரியவர் ஒரு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தார். இணையத்தில் யாரோ கட்டி விற்றதை நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். பெட்டியைத் தொட்டால் கையில் சுர்ரென்று இருக்கிறது என்றார். வீட்டு வயரிங் பழைய மரப்பட்டி வயரிங், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னையே வெட்டியிருந்தார்கள். அது ஒரு பக்கம். பெட்டிக்குள் பார்த்தேன். பச்சைக் கம்பி ஒழுங்காக வந்து, வளைய முனை போட்டு, நட்டும் முடுக்கியிருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மீட்டரை வைத்தால் இணைப்பே காட்டவில்லை. நட்டைக் கழற்றிப் பார்த்தால் வளைய முனைக்குக் கீழே கறுப்புப் பவுடர் பெயிண்ட் அப்படியே இருந்தது. பெயிண்டின் மேல் எர்த் முடுக்கியிருக்கிறார்கள். பேனாக்கத்தியால் வட்டமாகச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு, பல் வைத்த வாஷரோடு முடுக்கினேன். ஐந்து நிமிட வேலை. செய்து விற்றவருக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் போயிற்று.

அதே ஆம்ப்ளிஃபயரில் இன்னொன்றும் இருந்தது. சாக்கெட்டுக்குப் போகும் நான்கு அவுட்புட் கம்பிகளில், ஒவ்வொன்றிலும் 5 கிலோ ஓமோ அதற்குக் கூடுதலோ ஒரு பாதுகாப்பு ரெசிஸ்டர் தொடராக இருக்க வேண்டும். கம்பி நைந்து காதோரம் பட்டாலும், டிரான்சிஸ்டர் உடைந்து முழு சப்ளையும் தகட்டுக்குப் போனாலும், அந்த ரெசிஸ்டர்தான் கட்டுப்படுத்தும். பலகையில் அதற்கென இடம் அச்சிட்டிருந்தார்கள். அந்த நான்கு இடத்திலும் வெறும் கம்பித் துண்டுகள். சத்தம் தெளிவாக இருக்கும் என்பதற்காக எடுத்துவிட்டார்களாம். என் காதுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் அதைத் திரும்பப் போடத்தான் செய்திருப்பேன்.

ஜப்பானிலிருந்து கையோடு கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். 2011இல் கானாடுகாத்தான் வீடு ஒன்றுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், ஜப்பானில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரை முகப்பில் இருந்த பிளக்கில் மாட்டினார். நான் என் வாழ்க்கையில் பார்த்த முதல் எலக்ட்ரோஸ்டேட்டிக் கருவி அதுதான். பார்க்கும்போதே அதன் டிரான்ஸ்பார்மர் கருகிக் கண்டென்சர்கள் வயிறு உப்பிக் கிடந்தன. அந்த வீட்டு ஆச்சி, "ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லையே தம்பி" என்று வருந்தினார். டிரான்ஸ்பார்மரை 230 வோல்ட்டுக்கு மறுபடி சுற்றவைத்து எழுப்ப எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

நம் செம்மண் தூசியும் ஒரு எதிரி. வெயில் காலத்தில் பலகையில் படிந்து சும்மா கிடக்கும். கார்த்திகை ஈரம் ஏறியதும் அதுவே மின்கசிவுக்குப் பாதை போட்டுவிடும். பலகையில் கறுத்த கோடு இழுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் நுண்ணிய வலை ஒட்டுங்கள். ஒருமுறை 800 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்து கருகிக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் போயிருந்தன. ஹெட்ஃபோனையும் உபயோகித்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள். ஒரு காதில் சத்தம் குறைகிறது, ஒரு காதில் கரகரக்கிறது என்று கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈரமும் தூசியும்தான் காரணம்.

டிரான்சிஸ்டர் போலிகளையும் கட்டுரை தொடவில்லை. இந்த வேலைக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் உற்பத்தியே நின்றுவிட்டது. அதே எண்ணை மேலே அச்சடித்து வேறு சரக்கை விற்கிறார்கள். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டிய ஒன்றை 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சோதித்தேன். 300 வோல்ட்டைத் தாண்டவில்லை. பத்து வாங்கினேன், பத்தும் அப்படியே. பலகையில் ஏற்றியிருந்தால் முதல் ஸ்விட்சிலேயே வரிசையாக வெடித்திருக்கும். புதிதாகக் கட்டியதை முதல்முறை நேரடியாக மின்சாரத்தில் மாட்டவே கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்து மாட்டுங்கள். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே எங்கோ ஷார்ட்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம் என்று யாரும் ஒதுங்கினால் அதுவும் எனக்கு வருத்தமே. அமெரிக்காவின் கெவின் கில்மோர் போன்றவர்கள் தங்கள் வடிவமைப்புகளை எல்லாரும் கட்டிக்கொள்ளும்படி பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு இஎல்34 வால்வுகள் கொண்ட அவருடைய புளூ ஹவாய் என்ற ஆம்ப்ளிஃபயர் உலகெங்கும் வீட்டு மேசைகளில் உருவாகியிருக்கிறது. கடையில் வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும் ஒன்றை, பொறுமையும் ஒழுங்கும் உள்ள ஒரு காரைக்குடிப் பையனும் செய்துவிட முடியும். செய்ய வேண்டும்.

கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து படத்துறைக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் பிறந்த ஊர் இது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பழைய தட்டுகள் கிடைக்கின்றன. அங்கே வாங்கிய ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை என் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்ட இரவு எனக்கு மறக்காது. தட்டின் உராய்வுச் சத்தம் ஒரு பக்கம் தனியாக விலகி நின்றது. அதற்கு இந்தப் பக்கம், ஒரு நீண்ட பிடியை முடித்துவிட்டு அவர் மூச்சை இழுப்பது கேட்டது. சுருதி கொடுக்கும் ஒத்து ஒரே நூலாக அசையாமல் நின்றது. நாற்பது ஆண்டு ரேடியோவிலும் திருமணப் பந்தலிலும் நாகஸ்வரம் கேட்ட காது இது. அந்த மூச்சை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எழுந்து போய் மனைவியை எழுப்பிக் கூட்டிவந்து அவர் காதிலும் மாட்டினேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கட்டுரையை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பயஸ் முனையில் மட்டுமே மின்னோட்டம் குறைவு, அதுவும் அந்த மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும்வரைதான். ஆம்ப்ளிஃபயரின் சப்ளை உயிரைப் பறிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரை வடித்து, அளந்து, சுழி என்று கண்டபின்தான் கையை விட வேண்டும். இவ்வளவு போதும். பலர் உங்கள் தாளைக் கத்தரித்துப் பையில் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். திருத்தத்தையும் அவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மாணவரின் ஆம்ப்ளிஃபயர் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவுட்புட்டில் நான்கு பாதுகாப்பு ரெசிஸ்டர்களையும் அவர் கையாலேயே போடவைத்தேன். நேற்று மாலை அரைமணி நேரம் சூடாகவிட்டு, பிளாஸ்டிக் திருகியால் ஆஃப்செட்டை, அதாவது இசை இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் வோல்ட்டேஜை, சரிசெய்தோம். இரண்டு பக்கமும் சில வோல்ட்டுக்குள் வந்து நின்றுவிட்டது. மேல்மூடிக்குத் தகடு வெட்டக் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை அது வந்து நான்கு திருகும் ஏறிய பிறகுதான் ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் ஒப்புக்கொண்டார். தோடித் தட்டைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ரேடியோ மெக்கானிக்,
காரைக்குடி.